வாரக் கோழியும் ரோஸ் சாயமும்

அந்தக் கோழி என்னுடையது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடையதாக இருந்திருந்தால், போனது போகட்டும் என்று பருந்தை நாலு திட்டு திட்டிவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்திருப்பேன். அடுத்தவள் கோழி. அதுதான் என்னை அந்தப் புரட்டாசி முழுக்கத் தூங்க விடவில்லை.

மாதா கோயில் தெருவில் இருந்த ஒருத்தி அதைப் பங்குக்கு வளர்க்கச் சொல்லி, எனக்கு வாரத்துக்கு விட்டிருந்தாள். பேர் எதற்கு? கோழிக்காரி என்றே சொல்கிறேன். எங்கள் நிலத்துக்கு நாற்று நடவும் கரும்புக்குச் சோகை உரிக்கவும் வருவாள். என்னைவிட சின்னவள். என்னோடு வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற அளவுக்குப் பழக்கம். அவள் வீட்டுக்குப் பின்னால் கொல்லை கிடையாது, முன்னால் முழுக்க நாய். எனக்கோ கொல்லை பெரிசு, கோழிதான் இல்லை. அந்தக் கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்து என் கோழி எல்லாம் ஒரே வாரத்தில் கூண்டோடு போய்விட்டது. அதனால் அவள் கோழி என் கொல்லைக்கு வந்தது. செவலைப் பெட்டை, கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நிலம் வைத்திருக்கிற வீட்டுக்காரி அந்தத் தெருக் கோழியை வாரத்துக்கு வாங்கிவிட்டாள் என்று என் ஓரகத்தி சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் அடைக்கு வைத்த முட்டை பாதி பொரிக்காமல் கூழையாகும், நான் வைத்தது கூழையானதில்லை.

வாரத்துக்கு விடுவதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. கோழி அவளுடையது. தீனியும் காவலும் என்னுடையது. பொரிக்கிற குஞ்சு ஆளுக்குப் பாதி. பங்கு பிரிக்கும்போது கோழிக்கு உடையவள் முதலில் பொறுக்கிக்கொள்வாள், மிச்சம் வளர்த்தவளுக்கு. நடுவில் நோய் வந்து குஞ்சு செத்தால், வளர்க்கிறவள் அதன் காலை எடுத்து வைத்திருந்து உடையவளிடம் காட்ட வேண்டும். காலைக் காட்டினால் நஷ்டம் இரண்டு பேருக்கும் பொது. காலைக் காட்டாவிட்டால் வளர்த்தவள் குழம்பு வைத்துத் தின்றுவிட்டாள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பருந்து தூக்கினால் எந்தக் காலைக் காட்டுவது? அதற்கு முறை இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆவணியில் குஞ்சு பொரித்தது. ஒரு முட்டைகூட வீணாகவில்லை. அப்போது ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். படிப்பிலும் உத்தியோகத்திலும் எங்கள் ஆட்களுக்குத் தனியாகப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளக்கிச் சொன்னார். எத்தனைக்கு எத்தனை என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். நான் கேட்டேன், பங்கு யார் பிரிக்கிறாங்க, யார் மொதல்ல பொறுக்கறாங்க என்று. அவருக்குக் கோபம் வந்து கையைக் கழுவிவிட்டார். எனக்கு நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். இன்றைக்கும் அது எனக்கு முழுசாகப் புரியவில்லை.

ரோட்டை மறிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் கோழிக்காரி கரும்புக் கொல்லை வழியாக வந்தாள். இனிமேல் அடிக்கடி வந்து பார்க்க முடியுமோ முடியாதோ, இப்போதே பிரித்து அடையாளம் வைத்துவிடலாம் என்றாள். குஞ்சு தாயை விட்டுப் பிரிகிறதுக்கு முன்னால் பங்கு பிரிக்கிற வழக்கம் இல்லை. ஆனால் அவள் மகள் மாசமாக இருந்தாள், கார்த்திகையில் பிறக்கும். பிள்ளை பெற்றவளுக்கு அடித்துப் போட இளஞ்சேவல் வேண்டும். அவள் கணக்கு அவளுக்கு. சரி என்றேன். குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காலைப் பார்த்து, நெஞ்சைத் தடவிப் பார்த்து, நல்ல துடியான குஞ்சாக ஐந்து பொறுக்கினாள். மிச்சம் ஐந்து எனக்கு.

அடையாளத்துக்குச் சாயம் போட்டேன். கோழிக்குஞ்சுக்கு ரோஸ் சாயம் பூசினால் பருந்து பயந்துகொண்டு கிட்டே வராது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கச்சிராயபாளையம் சந்தையில் வாங்கின பொட்டலம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. ஐந்து குஞ்சுக்குத்தான் வரும். அதை அவள் குஞ்சுகளுக்குப் போட்டேன். என்னுடையதுக்கு மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "நல்ல சாயத்த எங்கள்துக்குப் போட்டுட்டீங்களே அக்கா" என்றாள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ரோட்டை மறித்தார்கள். கள்ளக்குறிச்சி ரோடு நெடுக இருந்த புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மரத்தையும் வெட்டினார்கள். அது விழுந்தபோது வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தட்டு எல்லாம் குலுங்கியது. பஸ் நின்றது. பால் வண்டி நின்றது. அடுத்து போலீஸ் வண்டி வருகிறது என்றார்கள், எங்கள் தெரு ஆம்பளைகள் எல்லாரும் மலைப்பக்கம் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு போர்வையும் பீடிக் கட்டும் எடுத்துக்கொண்டு போனார். மாதா கோயில் தெரு ஆட்கள் ரோட்டு மறியலுக்குப் போகவில்லை. அவர்கள்தான் யார் யார் மரம் வெட்டினார்கள் என்று போலீசுக்குச் சொன்னார்கள் என்று எங்கள் தெருவில் பேச்சு. எங்கோ எவர் வீடோ எரிந்தது என்று அவர்கள் தெருவில் பேச்சு. இனி அந்தத் தெருவோடு போக்குவரத்து வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாகச் சொன்னார்கள். யார் முடிவு பண்ணினது என்று நான் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொருத்தியும் அடுத்தவளைக் காட்டினாள்.

மரம் விழுந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முதல் ரோஸ் குஞ்சு போனது.

நான் கொல்லைப்புறம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிழல் மண்ணில் ஓடியது. அவ்வளவுதான். கோழி கத்தினதே அதற்கப்புறம்தான். வேலி முள்ளில் கொஞ்சம் ரோஸ் மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டேன், காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லையே. இரண்டு நாள் கழித்து அவள் கரும்புக் கொல்லை வழியாக வந்தபோது வேலி ஓரமாகப் போய்க் காட்டினேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள். எப்போதும் முள்ளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வருகிறவள், அன்றைக்கு வரவில்லை. போனால் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்ததும் ரோஸ்தான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். குஞ்சுகள்மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தேன். ஆனால் எத்தனை நேரம் கவிழ்த்து வைப்பது, மேய வேண்டாமா? கருவேல முள்ளை வெட்டிக் கொல்லையில் அங்கங்கே குவித்து வைத்தேன், நிழல் தெரிந்தால் ஓடிப் புகுந்துகொள்ளட்டும் என்று. பாடாமல் போன கேசட்டை உடைத்து, நாடாவை வேலிக்கும் முருங்கைக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். வெயிலில் பளபளவென்று ஆடியது. செத்த காக்கா ஒன்றைக் கழியில் கட்டித் தொங்கவிட்டேன். ஊர்க் காக்கா எல்லாம் வந்து கத்தியதுதான் மிச்சம். ஓரகத்தி தன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, உன் கொல்லையில் கல்யாணமா கருமாதியா என்று கேட்டாள்.

அது என்ன பறவை என்பதிலும் எனக்குக் குழப்பம். வானத்தில் வட்டம் போடுகிற செம்பருந்தாக இருந்தால் கோழி முன்னாலேயே பார்த்துக் குரல் கொடுத்துவிடும். இது வட்டம் போடவில்லை. எங்கோ உட்கார்ந்திருந்து நேராக வருகிறது. மாரில் கோடு கோடாக இருந்தது, கால் விரல் வரைக்கும் துணி சுற்றினாற்போல் இறகு. பால்காரர் வல்லூறு என்றார். வேறொருத்தர் அது ராசாளி, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது என்றார். மலைக்கு ஆம்பளைகள் போனார்கள், அங்கிருந்து இது வந்திருக்கிறது. நான் அதை அது என்றே வைத்துக்கொண்டேன்.

இதற்கு முன்னால் ஏன் வரவில்லை என்றும் யோசித்தேன். வெட்டின புளியமரத்தில் இரண்டு ரெட்டைவால் குருவி இருந்தது. கரேலென்று, வால் இரண்டாகப் பிளந்து. அளவில் ஒரு கைப்பிடிதான், ஆனால் காக்கா, பருந்து எது பறந்தாலும் முதுகில் ஏறிக் கொத்தித் துரத்தும். வருஷக் கணக்காக அதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் அதற்கு ஒரு மரியாதை வைத்ததில்லை. மரம் போனதும் குருவி போய்விட்டது. குருவி போனதும் இது வந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஓரகத்தி கொல்லையிலும் குஞ்சு மேய்ந்தது. அங்கே ஏன் போகவில்லை?

இரண்டாவது குஞ்சு போனதை வேலி ஓரம் சொல்லப் போனபோதுதான் கோழிக்காரி அந்த வார்த்தையைச் சொன்னாள். நான் முந்தானையை அவிழ்த்து ரோஸ் மயிரைக் காட்டினேன். அவள் கையில் வாங்கவில்லை.

"மயிர நானும் புடுங்கிக் காட்டுவேங்க அக்கா" என்றாள். "உங்கள்து எத்தன போச்சு?"

ஒன்றும் போகவில்லை. அதுதான் உண்மை. ஒன்றுகூடப் போகவில்லை என்று சொன்னேன்.

"பருந்துக்கு எங்க தெருக் கோழி எதுன்னு எப்பிடிங்க தெரிஞ்சிது? ரோசு போட்டு நீங்கதான் காட்டி வுட்டீங்களா?"

சத்தமாகச் சொல்லவில்லை. மரியாதை குறையாமல், ங்க போட்டுத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கரும்புச் சோகையை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு முகம் எரிந்தது. என் வீட்டில் களத்து நெல் அளக்கும்போதுகூட மரக்காலை நான் தலைதட்டி அளந்ததில்லை. கூலிக்காரி ஒருத்திகூட, குறைந்தது என்று சொன்னது கிடையாது. இப்போது ஒரு கைப்பிடிக் கோழிக்குஞ்சில் நான் களவாணி.

என்னுடைய குஞ்சில் இரண்டை அவளுக்குக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் கொடுத்தால் நான் தின்றதை ஒப்புக்கொண்டாற்போல் ஆகும். கொடுக்காவிட்டால் தின்றுவிட்டு அழுத்தமாக இருக்கிறாள் என்று ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை. என் மாமியார் இருந்தால் கேட்டிருப்பேன். வீட்டுக்காரர் மலைமேல்.

சாயம்தான் காரணமோ என்று தோன்றியது. ரோஸ் பார்த்துப் பயப்பட வேண்டிய பருந்து, ரோஸ் பார்த்து வருகிறதோ என்னவோ. கழுவிப் பார்த்தேன், போகவில்லை. அடுப்புக் கரியைக் கடலை எண்ணெயில் குழைத்து அவள் குஞ்சு மூன்றுக்கும் பூசிவிட்டேன். மூன்றும் காக்காக் குஞ்சுபோல் ஆகிவிட்டன. தாய்க் கோழியே ஒரு நேரம் தன் பிள்ளை இல்லை என்று கொத்தியது. இனி பார்க்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் அது கரி பூசினதைத்தான் தூக்கியது.

அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன். கையில் இருந்த முறத்தை வீசினேன். முறம் அதன்மேல் படவில்லை, ஆனாலும் மிரண்டு, குஞ்சைக் கீழே போட்டுவிட்டுப் போனது. ஓடிப்போய் எடுத்தேன். உயிர் இருந்தது. முதுகில் நகம் இறங்கின ஓட்டை, இரண்டு பக்கமும். வெந்நீரில் மஞ்சளைப் போட்டு ஆறவைத்துக் கழுவி, வேப்பெண்ணெயைச் சொட்டு விட்டேன். புரட்டாசி வெயிலில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்று பயம். அப்படியே வைத்தது. மறுநாள் ஓட்டைக்குள் வெள்ளையாக நெளிந்தது. சீத்தா இலையை அரைத்துச் சாறு விட்டால் புழு வெளியே வந்து விழும், எங்கள் பக்கம் மாட்டுப் புண்ணுக்கு அதுதான் வைத்தியம். கோழிக்கும் அதுவே. ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அடுப்பு ஓரம் சட்டியில் பழந்துணி போட்டு வைத்துக்கொண்டேன். கேழ்வரகுக் கூழை விரல் நுனியில் தொட்டு அலகில் வைத்தேன். பிழைத்துக்கொண்டது. நொண்டி நடந்தது.

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, சொல்லிக்கொள்வதற்கு என்ன. கடைசியில் காட்டுவதற்கு ஒன்று கிடைத்ததே. வேலி ஓரத்தில் காத்திருந்து, கோழிக்காரியிடம் அந்தக் குஞ்சின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். நகத்து ஓட்டையைப் பாருமே என்றேன். குனிந்து பார்த்தாள். பூனை கவ்வினாலும் இப்படித்தான் இருக்கும் என்றாள். அப்புறம், இதுக்கு ஏன் கரி பூசி இருக்குது என்று கேட்டாள். சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய்போலத்தான் கேட்டது.

இனி என்ன செய்வது? நான் ஒன்று செய்தேன். அவள் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் மூடிவிட்டு, என்னுடைய மஞ்சள் குஞ்சு ஐந்தையும் நட்ட நடு வெயிலில், முள் குவியல் எதுவும் கிட்டே இல்லாத இடத்தில் விரட்டி விட்டேன். ஒன்றையாவது வந்து எடுத்துக்கொள் என்று. என் குஞ்சை நானே பருந்துக்குக் காட்டிக்கொண்டு முருங்கை அடியில் நின்றேன். கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்தேன். வரவில்லை. ஓரகத்தி பார்த்துவிட்டு உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றாள். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அப்படி நின்றபோது ஒன்று கவனித்தேன். என் குஞ்சுகள், எத்தனை தரம் விரட்டினாலும் தாயிடமே ஓடின. ரெக்கைக்கு அடியில் முட்டின. கோழிக்காரியுடைய குஞ்சைத் திறந்துவிட்டால், நொண்டியைத் தவிர மற்றவை குப்பை மேட்டுக்கு ஓடின. துடியானதாகப் பார்த்துப் பொறுக்கினாள் இல்லையா? துடியான குஞ்சு தாயை விட்டுத் தூரம் போகும். தூரம் போவதைத்தான் அது தூக்கும். ஆகா, இதுதான் என்று நினைத்தேன். ஆனால் இதை எப்படி அவளிடம் சொல்வது? நீ நல்லதாகப் பார்த்து எடுத்ததால்தான் போனது என்றால், அது குத்திக் காட்டுவது அல்லவா? அதோடு, கரி பூசின குஞ்சை அது தூக்கியபோது, குஞ்சு தாயின் காலடியில்தான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். அப்போது இந்த நியாயமும் நிற்கவில்லை.

இந்தக் குழப்பத்தில் இருக்கும்போதுதான் அது கோழியையே அடித்துவிட்டது. குஞ்சை நோக்கி இறங்கினபோது கோழி எதிரே எகிறியிருக்கிறது. நான் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது இறகு பறந்துகொண்டிருந்தது, அது போய்விட்டிருந்தது. கோழி நின்றுகொண்டுதான் இருந்தது. தீனியும் கொத்தியது. கொத்தின தீனி கழுத்துக்குக் கீழே வழிந்து மண்ணில் விழுந்தது. தீனிப் பை கிழிந்திருந்தது.

தைக்க வேண்டும். தைக்க எனக்குத் தெரியும், முன்னே இரண்டு தரம் தைத்திருக்கிறேன். ஆனால் ஒருத்தி தனியாகத் தைக்க முடியாது. ஒருத்தி காலையும் ரெக்கையையும் சேர்த்துப் பிடிக்க, ஒருத்தி தைக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. ஓரகத்தியைக் கூப்பிட்டேன். அந்தத் தெருக் கோழியை அந்தத் தெருவே தைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

அவள் சொன்னது வயிற்றெரிச்சலில். ஆனால் அதுதான் எனக்கு வழியாகப் பட்டது. கோழியைப் பழைய புடவையில் சுற்றிக் கக்கத்தில் வைத்தேன். தாய் இல்லாமல் குஞ்சுகளைக் கொல்லையில் விட்டால் மிஞ்சாது. எல்லாவற்றையும் கூடையில் அள்ளித் துணி போட்டுக் கட்டினேன். ஊசி, நூல், மஞ்சள், வேப்பெண்ணெய் எடுத்துக்கொண்டேன். கரும்புக் கொல்லை வரப்பில் நடந்தேன். அவள்தான் எத்தனையோ வருஷமாக அந்த வரப்பில் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் அவள் வீட்டுக்குப் போனதில்லை. எது அவள் வீடு என்றே எனக்குத் தெரியவில்லை. மாதா கோயில் கிட்டே நின்று ஒரு கிழவரைக் கேட்டேன். அவர் என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் தலையைக் குனியவில்லை, நேராகப் போனேன்.

கோழிக்காரி வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையில் இருந்த சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"உன் கோழி கிழிஞ்சிப் போச்சுமே. புடி, தைக்கணும்" என்றேன்.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். வெந்நீர் வைத்தாள். குஞ்சுக் கூடையை அவிழ்த்து முன்னால் மண்ணில் விட்டாள். நாய்களை அவள் மருமகன் கட்டிப்போட்டிருந்தான். அவள் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, கோழியை மல்லாத்தி முழங்கால் நடுவில் வைத்து, ஒரு கையால் காலையும் ஒரு கையால் ரெக்கையையும் பிடித்துக்கொண்டாள். நான் அவளுக்கு எதிரே, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க எனக்கு வரவில்லை. அவள் மகள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து கோத்துக் கொடுத்தாள்.

கிழிசலைச் சுற்றி இறகைப் பிடுங்கினேன். பைக்குள் தங்கியிருந்த கம்பையும் கல்லையும் விரலால் வழித்தெடுத்தேன். மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். முதலில் உள் பையைத் தைக்க வேண்டும், அதற்கப்புறம் மேல் தோல். இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தைக்கக் கூடாது. சேர்த்தால் பை தோலோடு ஒட்டிக்கொண்டு தீனி இறங்காது. உள் பையைத் தைத்து முடித்தேன். தோலைச் சேர்த்துப் பிடித்தேன்.

அந்த நேரத்தில் என் கைமேல் ஒரு நிழல் ஓடியது.

எனக்குத் தெரியும் அது எது என்று. முதுகுக்குப் பின்னால் குஞ்சுகள் கத்தின. நான் திரும்பவில்லை, ஊசி தோலுக்குள் இருந்தது. கோழிக்காரியின் முழங்கால் இறுகியது. அவள் கண் என் தலைக்கு மேல் போய், அப்படியே மெல்ல மெல்ல உயர்ந்து, ஒரு இடத்தில் நின்றது.

"இன்னாமே?" என்றேன்.

"நீங்க தையுங்க" என்றாள்.

தைத்தேன். அந்தத் தையல் உள் பையையும் கொஞ்சம் பிடித்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பிரித்துத் தைக்கத் தெம்பு இல்லை. வேப்பெண்ணெயைத் தடவி முடித்து நான் திரும்பிப் பார்ப்பதற்குள், அவள் மகள் மிச்சக் குஞ்சுகளை அள்ளிப் பஞ்சாரம் போட்டு மூடி, மேலே கோணியும் போட்டுவிட்டாள். எது போனது என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சளா, கரி பூசினதா, நொண்டியா? கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கோணியைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் எண்ணிப் பார்த்தாள் என்று ஆகும். அவளாகச் சொல்வாள் என்று உட்கார்ந்திருந்தேன். கோழிக்காரி கையில் இருந்த ரத்தத்தைக் கழுவினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். நான் கையை நீட்டி வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் அவள் சொன்னாள், தைத்த கோழிமேல் குஞ்சு ஏறி மிதிக்கும், தையல் பிரியும், குஞ்சு எல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்று.

"கோழிய நீங்க எடுத்துக்கினு போங்க. உங்க கைதான் அதுக்குப் பழக்கம்."

அவள் கோழி என் கக்கத்தில், என் குஞ்சு அவள் பஞ்சாரத்தில். அப்படி வரப்பில் திரும்பி வந்தேன். அவள் என்னை நம்பினாளா, இல்லை என் குஞ்சைப் பிடித்து வைத்துக்கொண்டாளா என்று வழி முழுக்க யோசித்தேன். வீடு வந்துவிட்டது, யோசனை முடியவில்லை.

கோழிக்கு ஒரு வாரம் கூழும் மோர்ச்சோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பிழைத்தது. ஒரு தையல் பிசகினதால் தீனிப் பை ஒரு பக்கமாகத் தொங்கியது. கொண்டை ஒரு பக்கம், பை ஒரு பக்கம். ரோட்டில் கிடந்த மரங்களை எடுத்தார்கள், பஸ் ஓடியது. வீட்டுக்காரர் தாடியோடு திரும்பி வந்தார். போக்குவரத்து வேண்டாம் என்று யார் சொன்னார்களோ, அவர்களே மறந்துவிட்டார்களோ என்னவோ, நடவுக்கு மறுபடி அந்தத் தெருப் பெண்கள் வந்தார்கள். கோழிக்காரியும் வந்தாள். அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேவலை அடித்துப் போட்டதாகச் சொன்னாள். எந்தப் பங்கில் என்று சொல்லவில்லை. அதற்குள் மஞ்சள் மழையில் போயிருக்கும், ரோஸ் இறகு உதிர்ந்து புது இறகு முளைத்திருக்கும். கேட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. மிச்சக் குஞ்சுகளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

தை கழிந்து கோழி மறுபடி அடை உட்கார்ந்து பொரித்தது. இந்தத் தடவை குஞ்சு தாயை விட்டுப் பிரியும் வரைக்கும் பங்கு பேச்சே எடுக்கவில்லை. சாயமும் போடவில்லை. பிரிக்கிற அன்றைக்கு அவள் வேலி முள்ளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கொல்லையில் கூடைக்கு எதிரே இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்தோம். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

நீ பொறுக்குமே என்றேன்.

"இந்தவாட்டி நீங்க மொதல்ல பொறுக்குங்க அக்கா" என்றாள்.

கோழிக்கு உடையவள் இருக்க, வளர்த்தவள் முதலில் பொறுக்கினதாக எங்கள் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. இது மரியாதையா? முதலில் பொறுக்கினவளுடையதைத்தான் அது தூக்கும் என்று அவளும் கண்டுபிடித்துவிட்டாளா? நான் துடியானதாகப் பார்த்து எடுக்கிறேனா, சவலையாகப் பார்த்து எடுக்கிறேனா என்று பார்க்கிறாளா? முகத்தைப் பார்த்தேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்லதை எடுத்தால் ஆசைக்காரி. சவலையை எடுத்தால் பயந்தவள். கூடைக்குள் கையை விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். குஞ்சுகள் விரலைக் கொத்தின.

"இன்னாங்க அக்கா, முட்டையா தேடறீங்க?" என்று அவள் சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அடுத்ததை என் மடியில் வைத்துக்கொண்டேன்.